மைக்கில் நான் படித்த சீட்டு

மகனே,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து நசுங்கியும் இருக்கும். 'ழ' போடும்போது இன்னும் தடுமாறுகிறேன். வாலை எந்தப் பக்கம் சுழிப்பது என்று பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். "ஒரு போன் போட்டா முடிஞ்சுது, இதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பாடு" என்கிறாள். போனில் என்னால் முடியவில்லை. போனில் நான் கத்துகிறேன், நீ "அப்புறம் பேசறேன் நைனா" என்று வைத்துவிடுகிறாய். கத்தினால் கோபம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. எழுதினால் தீரவில்லை. ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த சொல்லுக்கான கோபம் வந்து நிற்கிறது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததில் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. நேற்று ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அதில் எழுதியிருந்தது முழுக்க உன்மேல் கோபம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் நீ நடத்திய மனநல முகாமுக்குப் பிறகு, பின் சந்து வீட்டு மருமகள் வேலைக்குப் போகவில்லை. காலையில் ஷூ கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது, மற்ற பெண்கள் ஏறுகிறார்கள், அவள் வருவதில்லை. வேலூரில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையையும் அவள் இப்போது சாப்பிடுவதில்லை. மாமியார் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை மைக்கில் சொன்னது போதும். யாரென்று உனக்கும் எனக்கும் தெரியும்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது நம் உறவில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன் அத்தை மகள் கல்யாணப் பந்தியில் உன் மாமா, எல்லோரும் கேட்கும்படி, "இன்னா மச்சான், புள்ள பைத்தியத்துக்கு வாத்தியாரா போறானாமே?" என்றார். "ஆமா, மொத சீட்டு உனுக்குத்தான் புடிச்சி வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு நான் சாம்பார் கேட்டேன். அன்று பந்தியே சிரித்தது. எனக்கு மட்டும் உள்ளே எரிந்தது, ஏனென்றால் அந்தப் படிப்பு என்ன என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். மனநலமும் சமூகநலமும் சேர்ந்த முதுகலைப் படிப்பு என்றாய். அது எனக்குப் பிடிபடவில்லை என்று பார்த்து இன்னொரு விதமாகச் சொன்னாய்: "ஒருத்தர் மனசுல இருக்கறத நம்பிச் சொன்னா, அத பத்திரமா வெச்சிக்கணும் நைனா. அவங்களுக்கு இன்னா உதவி தேவையோ அங்க கொண்டுபோய் சேக்கணும். அதான் என் வேலை." அந்த வாக்கியங்களை நான் அன்வர் பாய் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். இப்போது அவர்கள் என்னைப் பார்த்தால் டீ கிளாஸைப் பார்க்கிறார்கள்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். எனக்கு வாயை மூடிக்கொண்டு படிக்க வராது. அங்கன்வாடியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் ஷாஹின் டீச்சர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அப்படித்தான். "வாய் விட்டுப் படிங்க தாத்தா, அப்பதான் மனசுல நிக்கும்" என்று அந்தப் பெண் சொல்லும். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அங்கன்வாடிக் கூரையில் இருக்கும் புறா எல்லாம் பறந்துபோகும். பஸ்ஸில் ஏறினாலும் எனக்கு அதே பழக்கம். வாணியம்பாடி, கலவை, கணியம்பாடி என்று எதிரே வரும் பஸ்ஸின் பலகையை எல்லாம் படித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, அத நான் கத்தணும். என் வேலைக்கு உலை வெக்காத" என்றான். இதை உன்னிடம் சொன்னபோது நீயும் சிரித்தாய். இன்னொன்றும் உனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். எழுத்தைக் கூட்டிச் சத்தமாகச் சொல்லும்போது எனக்கு அது வெறும் சத்தம்தான். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் மெதுவாக வந்து சேரும். இதெல்லாம் தெரிந்த நீதான் என் கையில் மைக்கைக் கொடுத்தாய்.

முகாம் அன்று காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது. ஷாமியானா கம்பம் நடும்போதே போய் நின்றேன். பேனரில் இருந்த 'மனநல முகாம்' என்பதை நான்கு பேர் கேட்கப் படித்தேன். நீ கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்திருந்தாய், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மனசுக்கு என்று மட்டும் முகாம் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று பி.பி., சர்க்கரை பார்க்கவும் ஏற்பாடு செய்திருந்தாய். அதனால்தான் அந்தப் பெண் வர முடிந்தது. மாமியாருக்கு பி.பி. பார்க்க வேண்டும் என்று அழைத்து வந்து, அவளை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உன் மேஜைக்கு வந்து குனிந்து நின்று பேசினாள். நீயும் தலையைச் சாய்த்துக் கேட்டாய். கேட்டதை ஒரு சீட்டில் எழுதினாய். தூரத்திலிருந்து அதைப் பார்த்து, என் மகன் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சீட்டை நீ எங்கே வைத்தாய்? பி.பி. சீட்டுக் கட்டோடு சேர்த்து, அதே கிளிப்பில் வைத்தாய்.

முகாமுக்கு அழைத்திருந்த டாக்டர் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. உன்னோடு வந்த பிள்ளைகள் நான்கு பேர் சும்மாதான் நின்றார்கள். நீ என்னைத் தேடி வந்தாய். "நைனா, நீ வா. மைக்ல நீயே பேர் படி. நீ படிக்கறத எங்க சார் பாக்கணும்" என்று மைக்கையும் சீட்டுக் கட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே போய் நின்றாய். எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. முதல் சீட்டு, பெயர், வயது, பி.பி. என்று முழுவதும் படித்தேன். கை தட்டினார்கள். இரண்டாவதும் அப்படித்தான். பெயரோடு நிறுத்து என்று நீ சொல்லவில்லை, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். அடுத்து அவள் சீட்டு. பெயரைப் படித்தேன், ஷூ கம்பெனி தையல் பிரிவு என்று படித்தேன், என் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை. மாமியாருக்குத் தெரியாது." நீ அழகாகத் தெளிவாக எழுதியிருந்தாய். டாக்டர் எழுத்தாக இருந்திருந்தால் நான் படித்திருக்கவே மாட்டேன். கடைசிச் சொல் ஸ்பீக்கரில் மசூதித் தெரு வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் அன்வர் பாய் ஓடிவந்து வயரைப் பிடுங்கியிருந்தார்.

முன்வரிசையில் மாமியார் எழுந்து நின்றாள். மைக் இல்லாமலேயே அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "இன்னாடி மாத்திரை? ரெண்டு வருஷமா மாத்திரையத் துன்னுக்கினுதான் எனக்குச் சோறு போட்டியா? எந்தப் பிள்ளையத் தூக்கிக் கெணத்துல போடறதுக்குடி இந்த மாத்திரை?" அந்தப் பெண் மாமியாரின் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கூடப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீ வயரை மறுபடி செருகி மைக்கை வாங்கி என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "சின்ன தொழில்நுட்பக் கோளாறு, எல்லாரும் மன்னிக்கணும்" என்றாய். எது கோளாறு? மைக்கா, வயரா, நானா? ஒரு பெண்ணின் வீட்டைத் தெருவில் கொட்டிவிட்டு அதற்கு இப்படி ஒரு பெயர் வைக்கத்தான் உனக்கு அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களா?

மறுநாள் காலை பஸ்ஸில் நீ போய்விட்டாய். செமினார் இருக்கிறது என்றாய். இரண்டு நாள் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. கீழே நீ எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "நைனா, டிபார்ட்மென்ட்ல எல்லாரும் உன்னப் பாத்து கை தட்டினாங்க. போர்டுல ஒட்டியிருக்காங்க." அந்தப் படத்தில் இடது ஓரம் பார்த்தாயா? முன்வரிசை தெரிகிறது. அவளுடைய பாதி முதுகும் பின்னலும் தெரிகின்றன. அது நான் எந்தச் சீட்டைப் படித்தபோது எடுத்த படம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உன்னைப் பெற்ற நாளிலிருந்து உன்னை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

நீ அங்கே கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த வாரத்தில் இங்கே நடந்ததைக் கேள். கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேனில் வரும் பெண்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "அந்த மாத்திர போட்டா தூக்கம் வரும், மிஷின்ல கை போய்டும், கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லு." இரண்டு வருடமாக அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் அதே மிஷினில் ஷூவின் மேல்தோலைத் தைத்தாள். அப்போது போகாத கை இப்போது எப்படிப் போகும்? லாரி ஓட்டும் அவள் புருஷனுக்கு மாத்திரை விஷயம் முதலிலிருந்தே தெரியும். அவன்தான் வேலூருக்கு அழைத்துப் போனவன். ஆனால் அவன் லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா பக்கம் போயிருக்கிறான். தெருவில் சில பெண்கள் குழாயடியில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார்கள். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குடத்தை அவள் பக்கத்தில் போய் வைத்துக்கொண்டு நின்றாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "பெத்த வயிறு பத்தி எரியுது எனக்கு" என்றாள்.

இதையெல்லாம் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்ன பதில் இதுதான்: "நானா போய் கதவு தட்டக் கூடாது நைனா. அவங்களா கூப்பிட்டாதான் போகலாம். இல்லன்னா அது இன்னும் தப்பு. சாரும் அதான் சொல்றாரு." எனக்கு அப்போது கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. தப்பித்துக்கொள்ள ஒரு விதி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அதன்பின் நீ சொன்னது அதைவிட மோசம். "எனக்கு இந்தப் படிப்பு லாயக்கில்ல. விட்டுட்டு வேற எதுனா வேலைக்குப் போய்டறேன்" என்றாய். நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். கத்தலில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். படிப்பை விட உனக்கு உரிமை இல்லை. அவளுக்கு ஒரு வழி செய்யாமல் நீ அதை விட்டால், முகாமுக்கு மறுநாள் பஸ் ஏறிப் போனது போலத்தான் இதுவும்.

அன்வர் பாய்க்கும் எனக்கும் எப்படிப் பழக்கம் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். நான் சிரித்து மழுப்பியிருக்கிறேன். டேனரியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைத் தள்ளும்போது பக்கத்துத் தொட்டிக்காரன் யாரோடோ பேசிக்கொண்டே வேகமாகத் தள்ளிவிட்டான். சுண்ணாம்புத் தண்ணீர் என் வலது கண்ணில் அடித்தது. அந்தப் பக்கத்துத் தொட்டிக்காரன்தான் அன்வர். எங்கள் டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையால் ஒருவனுக்கு அடிபட்டதோ அவன்தான் கூடப் போக வேண்டும், வேறு ஆளை அனுப்பக் கூடாது. மேஸ்திரி அவனைப் பிடரியில் தட்டி, "உன் கையால ஆச்சு, நீயே இட்னு போ. அவன் கண்ணத் தொறந்துக்கினு வேலைக்கு வர்ற வரைக்கும் உன் மூஞ்சி இங்க தெரியக் கூடாது" என்றார். அன்வர் என்னை வேலூருக்குக் கூட்டிப் போனான். அதன்பின் தினமும் நம் வீட்டுக்கு வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டான். என் அப்பா அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவன் திட்டு வாங்கிக்கொண்டே, என் தலையைப் பிடித்து மருந்தை விட்டுவிட்டுப் போவான். ஒரு நாள் நானே எரிச்சலில், "எங்க அப்பன் இவ்ளோ பேஜார் பண்றான், உனக்கு வெக்கமா இல்லியா, வராத" என்றேன். "வெக்கமாத்தான் கீது. அதுக்கு இன்னா பண்றது, கண்ணக் காட்டு" என்றான். அன்றிலிருந்து அவன் எனக்கு தோஸ்த். உனக்கும் அங்கே வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வா என்றுதான் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் நானும் உன் அம்மாவும் அவள் வீட்டுக்குப் போனோம். மாமியார் வாசலிலேயே மறித்தாள். "இன்னாண்ணா, மைக்க எங்க? இன்னைக்கு எடுத்துக்கினு வரலியா?" என்றாள். உன் அம்மா அவளைப் பேச்சில் இழுத்து உள்ளே அழைத்துப் போனாள். அந்தப் பெண் துணி அலசிக்கொண்டிருந்த கையைத் துடைத்தபடி வந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. நான் வீட்டில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "படிக்கக் கூடாதத படிச்சிட்டேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ படிச்சதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல மாமா. நான் உங்கிட்ட சொல்லல. அவன்கிட்ட சொன்னேன். அவன் எங்க?"

"காலேஜுக்குப் போய்ட்டான்."

"வரச் சொல்லு. அந்த மாத்திர இன்னா மாத்திரன்னு அவன் வந்து எங்க அத்தைக்குச் சொல்லட்டும். நான் சொன்னா பைத்தியம் பேசுதுன்றாங்க. கம்பெனிலயும் வந்து சொல்லட்டும். வேலூரு டாக்டரம்மாவயும் இட்டுக்கினு வரட்டும். திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அவங்க எனக்கு எத்தினி வாட்டி சொல்லியிருக்காங்க. தூக்கம் போச்சு மாமா. நாலு நாளா கண்ணு மூடல." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அப்படியென்றால் நீ சொன்ன விதி சரிதான். அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவளாகக் கூப்பிடாமல் நீ போகக் கூடாது. இதோ, அவள் கூப்பிட்டுவிட்டாள். இனி உன் கையில் எந்த விதியும் இல்லை. நான் டாக்டரம்மாவிடம் போய் ஏதாவது பேசிவிடுவேன் என்று பயப்படாதே, நான் எங்கும் எதையும் பேசமாட்டேன். அதற்குப் படித்தவன் நீ. இதைப் படித்த உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய், அவள் தூக்கம் போனதைச் சொல், மறுநாளே மாத்திரை கிடைக்க வழி கேள். போர்டில் இருக்கும் அந்தப் படத்தைக் கிழித்துப் போடு. கிழிக்கும்போது ஏன் என்று கேட்பவர்களிடம் நடந்ததைச் சொல், ஆனால் அவள் பெயரையும் ஊரையும் சொல்லாதே. உன் சார் திட்டினால் திட்டட்டும்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கு. நேராக நம் வீட்டுக்கு வராதே, உன் அம்மா இட்லி வைத்து உன்னை உட்கார வைத்துவிடுவாள். பின் சந்துக்குப் போ. மாமியார் கத்துவாள், கத்தட்டும், கேட்டுக்கொண்டு நில். உள்ளே நீங்கள் பேசுவதை நான் கேட்க மாட்டேன், வெளியே வந்தபின் என்ன பேசினாய் என்றும் கேட்க மாட்டேன். நீ வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். நீ எடுத்துப் பிரித்துப் படிக்கும் வரை, படித்துவிட்டு அவள் வாசலில் வந்து நிற்கும் வரை எழுதிக்கொண்டே இருப்பேன். இந்தத் தடவை போனை வைத்ததுபோல் என்னை நீ வைக்க முடியாது.

உன் நைனா